பண்டிகை அவர்களிடமும் இருக்கிறது

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி அறிவிப்புகள் வர ஆரம்பித்துவிடும். 'ஏழைகளோடு கிறிஸ்துமஸ்', 'எளியோருக்குக் கிறிஸ்துமஸ்', 'கிறிஸ்துமஸ் இல்லாதோருக்குக் கிறிஸ்துமஸ்'. தலைக்கட்டு வரி மாதிரி ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கும். பிறகு ஒரு சனிக்கிழமை வேன் பிடித்து, ஊருக்கு வெளியே இருக்கிற ஏதாவது ஒரு குடியிருப்புக்குப் போவார்கள். வேனுக்குள் சேலை, போர்வை, ஐந்து கிலோ அரிசிப் பை, கேக் துண்டு, பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா. பின்னால் கட்டுவதற்கு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் இயேசு பாலனைவிட நன்கொடையாளர் முகம் பெரிதாக இருக்கும். சேலை வாங்குகிற அம்மாள் அதைக் கையில் பிடித்தபடி கேமராவைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால், "இங்க பாருங்கம்மா" என்று ஒரு அதட்டல் வரும்.

எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இந்த வயதில் சண்டைக்காரன் என்று பெயர் வாங்க ஆசை இல்லை. ஆனாலும் மேலே சொன்ன மூன்றாவது தலைப்பு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. 'கிறிஸ்துமஸ் இல்லாதோர்' என்று யாரைச் சொல்கிறோம்? கையில் காசு இல்லாதவரிடம் பண்டிகையும் இருக்காது என்று நமக்கு யார் சொன்னது?

கொடுக்காதே என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறவன் கொடுக்கத்தான் வேண்டும். நாம் வேனில் ஏற்றிக்கொண்டு போனால்தான் அந்த ஜனங்களுக்குப் பண்டிகை வரும் என்ற நினைப்பு இருக்கிறதே, அது பொய். அதோடு அவமரியாதையும்கூட. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்த ஆறு வருஷத்தில் கண்ணால் பார்த்தது.

நம் பக்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் அந்தக் காலத்தில் எத்தியோப்பியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். ஹைலே செலாசி மன்னர் காலத்தில் ஆரம்பித்தது, அவரை இறக்கிவிட்டு ராணுவ ஆட்சி வந்த பிறகும் தொடர்ந்தது. நான் இருந்த ஊர் தெப்ரெ பிர்ஹான். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து வடகிழக்கே 130 கிலோமீட்டர். ஊட்டியைவிட உயரமான இடம். டிசம்பர், ஜனவரியில் காலையில் வாளித் தண்ணீருக்குள் கை வைக்க முடியாது. ஆட்டு ரோமத்தில் போர்வையும் விரிப்பும் நெய்கிற ஊர். சுற்றிலும் பார்லி விளையும் கிராமங்கள்.

நான் அங்கே இருந்தபோதுதான் 1984-85 பஞ்சம் வந்தது. வடக்கே வொல்லோ, திக்ரே பகுதிகளில் மழை பொய்த்தது. உள்நாட்டுப் போரும் அரசாங்கத்தின் போக்கும் சேர்ந்து பஞ்சத்தைப் பெருக்கிவிட்டன. லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். 1984 அக்டோபரில் கோரெம் முகாமிலிருந்து பி.பி.சி. காட்டிய படங்களைப் பார்த்து உலகமே அதிர்ந்தது. அதைப் பார்த்துத்தான் பாப் கெல்டாஃப் என்ற பாடகர் லண்டனில் பெரிய பெரிய பாடகர்களைக் கூட்டி ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்து முழுவதும் அந்தப் பாட்டுத்தான். கோடிக்கணக்கில் பணம் சேர்ந்தது, உயிர்களைக் காப்பாற்றியது. அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

ஆனால் அந்தப் பாட்டின் தலைப்பு என்ன தெரியுமா? 'இது கிறிஸ்துமஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா?' என்பதுதான் தலைப்பு.

சில மாதம் கழித்து அடிஸ் அபாபாவில் ஒரு நண்பர் வீட்டில் கேசட்டில் அதைக் கேட்டேன். கூட இருந்த எத்தியோப்பிய வாத்தியார் ஒருவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "எங்களிடம் கேட்டிருந்தால் தேதியைச் சொல்லியிருப்போமே" என்றார்.

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. எத்தியோப்பியாவில் எஸானா என்ற அக்சும் அரசர் கிறிஸ்துவத்தை ஏற்றது நாலாம் நூற்றாண்டில். தன் நாணயத்திலேயே சிலுவையைப் பொறித்தவர் அவர். இங்கிலாந்தில் கெண்ட் பகுதிக்கு அகஸ்டின் வந்து இறங்கியது 597-ல். நம் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார் கோயில் கட்டியது 1785-ல். லாலிபெலாவில் பாறையைக் குடைந்து பதினொரு கோயில்களை அவர்கள் செய்து முடித்து எத்தனையோ நூற்றாண்டு கழித்துத்தான் நமக்குச் சுவிசேஷமே வந்து சேர்ந்தது. அவர்களைப் பார்த்து, கிறிஸ்துமஸ் தெரியுமா என்று கேட்பது பாட்டியைப் பார்த்து, பிள்ளை வளர்க்கத் தெரியுமா என்று பேத்தி கேட்பது மாதிரி.

டிசம்பர் 25-ல் அங்கே பண்டிகையே கிடையாது. அவர்கள் பஞ்சாங்கம் வேறு, வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். அதன்படி தாஹ்சாஸ் மாதம் 29-ம் தேதி, அதாவது நம் ஜனவரி 7, அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். 'கென்னா' என்று சொல்வார்கள். அதற்கு முன்னால் 43 நாள் உபவாசம். இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடமாட்டார்கள். பக்தியுள்ளவர்கள் பிற்பகல் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. லண்டனில் அந்தக் கேள்வியைப் பாடிக்கொண்டிருந்த டிசம்பரில், தெப்ரெ பிர்ஹானில் ஜனங்கள் பண்டிகைக்காக நோன்பு இருந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது 1985 ஜனவரி 7-ஐப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வீடு. அதில் ஒரு விதவை அம்மா, மூன்று பிள்ளைகள். வாரத்தில் இரண்டு தரம் எங்களுக்கு இஞ்செரா சுட்டுத் தருவார். இஞ்செரா என்றால், புளித்த மாவில் பெரிய தட்டு அகலத்துக்குச் சுடுகிற ஒரு வகை ஆப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை நானும் என் மனைவியும் 'எமாமா' என்போம், அம்மா என்று அர்த்தம். அவர் என்னை 'அஸ்தமாரி', வாத்தியார் என்பார். பஞ்சத்தின் உக்கிரம் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் விலைவாசி ஏறிக் கிடந்தது. கிராமத்திலிருந்து வந்து படித்த பையன்கள் ஒரு பை வறுத்த பார்லியைக் கொண்டுவந்து அதையே பல நாள் மென்று காலம் தள்ளினார்கள். சிலர் பாதி வகுப்பில் தூங்கி விழுவார்கள். சிலர் ஒரு நாள் வராமல் போய், பிறகு வரவே இல்லை. வறுமையில் ஓர் அழகு இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் அந்த வகுப்பறையில் ஒரு பீரியட் நின்று பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட வருஷத்திலும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே எமாமா வீட்டில் சுவருக்கு மண் பூசி மெழுகியாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் ஊரே வெள்ளைத் துணி போர்த்துக்கொண்டு கோயிலுக்குப் போனது. ஷம்மா என்கிற அந்தப் பருத்திப் போர்வையை வெளுத்து வைத்திருப்பார்கள். கிழியாததா, ஒட்டுப்போட்டதா என்பதெல்லாம் இருட்டில் தெரியாது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கமாக, ராத்திரி முழுவதும் நின்றபடியே ஆராதனை. உட்கார பெஞ்சு கிடையாது. நிற்க முடியாதவர்கள் ஊன்றிக்கொள்ள நீளமான கைத்தடி உண்டு. மத்தளமும் கையில் குலுக்குகிற சிலம்பும் சேர்ந்து மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும்போது, நம் ஊர் நாலு மணி ஆராதனைக்குச் சின்ன வயதில் தூக்கக் கலக்கத்தோடு போய் நின்ற அதே சிலிர்ப்பு எனக்கு வந்தது. பாஷை புரியவில்லை. பண்டிகை புரிந்தது.

காலையில் கறி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதமே இதில்தான் இருக்கிறது. அங்கே 'கிர்ச்சா' என்று ஒரு பழக்கம். பல குடும்பங்கள் காசு சேர்த்து ஒரு மாடு வாங்கி, அறுத்து, எல்லாக் கூறும் எல்லாருக்கும் சமமாக வரும்படி ஈரலிலிருந்து எலும்பு வரை பங்கு வைத்து, பிறகு சீட்டுப் போட்டு எடுப்பார்கள். எந்தக் கூறு யாருக்கு என்பதைச் சீட்டுத்தான் சொல்லும். தலைவருக்கு நல்ல கூறு, விதவைக்கு எலும்பு என்பது அங்கே நடக்காது. நம் பக்கத்தில் கூறு போட்டுக் கறி எடுத்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். அந்த வருஷம் மாடு வாங்கக் கட்டுப்படியாகாமல் எங்கள் தெருக்காரர்கள் ஆடாக வாங்கினார்கள். கூறு சிறுத்துப்போனது. ஆனால் எமாமாவுக்கும் ஒரு கூறு இருந்தது, மற்றவர்கள் கூறு அளவே இருந்தது. தானமாக வந்ததில்லை அது. அவர் போட்ட காசுக்கு வந்தது.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது? 'எக்குப்' என்று ஒன்று உண்டு, நம் சீட்டு மாதிரிதான். வாராவாரம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முறை வைத்து எடுப்பார்கள். சாவுச் செலவுக்கு 'இத்திர்' என்று தனியாக ஒரு சங்கம். வீட்டில் சாவு விழுந்தால் பந்தலிலிருந்து சாப்பாடு வரை சங்கம் பார்த்துக்கொள்ளும். 'ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியாது, வந்த காசைப் பண்டிகையில் அழித்துவிடுவார்கள்' என்று இங்கே நம்மில் பலர் சொல்கிறோமே, அவர்களிடம் இதைச் சொல்ல ஆசை. வருஷத்தில் எத்தனையோ நாள் நோன்பு இருந்து இறைச்சி தொடாதவர்கள், கென்னாவுக்கு ஒரு கூறு கறி எடுப்பதை ஊதாரித்தனம் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரியாணி சாப்பிடுகிறவர்கள் நாம்.

மத்தியானம் எமாமா எங்களைக் கூப்பிட்டார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று என் மனைவி ஒரு பொட்டலம் சர்க்கரையும் காப்பிக்கொட்டையும் எடுத்துக்கொண்டாள். எமாமா இரண்டு கையாலும் வாங்கி உள்ளே வைத்தார், அவ்வளவுதான். அதைப் பற்றி அப்புறம் ஒரு பேச்சு இல்லை. ஒரே பெரிய தட்டில் இஞ்செராவை விரித்து, நடுவில் காரக் குழம்பு ஊற்றி, நாங்களும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தோம். கறித்துண்டு எத்தனை என்று எண்ணிவிடலாம். எமாமா இஞ்செராவைக் கிழித்து, கறியை அதில் சுருட்டி, தன் கையாலேயே என் மனைவி வாயில் ஊட்டினார். பிறகு எனக்கு. இதற்கு 'குர்ஷா' என்று பெயர். விருந்தாளிக்கு ஊட்டாமல் விருந்து முடியாது. பெரிய உருண்டையாக இருக்கும், மறுக்கவும் முடியாது. நம் வீட்டில் பாட்டி சட்டியில் சோற்றைப் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கையில் வைப்பாளே, அதே நெருக்கம். அப்புறம் காப்பிக்கொட்டையைக் கண் முன்னாலேயே வறுத்து, இடித்து, மூன்று சுற்று காப்பி. வெளியே புல்தரையில் பையன்கள் வளைந்த கம்பை வைத்துக்கொண்டு பந்தடித்தார்கள். ஹாக்கி மாதிரி இருக்கும் அந்த விளையாட்டுக்கும் கென்னா என்றுதான் பெயர். இயேசு பிறந்த சேதி கேட்டு மேய்ப்பர்கள் சந்தோஷத்தில் ஆடியது என்பார்கள். கென்னா விளையாட்டில் எஜமான்கூடக் கோபிக்கக் கூடாது என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. அன்று ஒரு நாள், பெரியவனும் சின்னவனும் ஒரே தரையில்.

திரும்பும்போது ஒரு துண்டு ரொட்டியைத் துணியில் சுற்றி என் மனைவி கையில் கொடுத்தார். சர்க்கரை கொடுத்த கை வெறுங்கையாகத் திரும்பவில்லை.

நம் பேனர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். அந்த அம்மாவிடம் காசு இல்லை. ஆனால் பண்டிகை இருந்தது, அதிலிருந்து எங்களுக்குக் கொடுக்கிற அளவுக்கும் இருந்தது. வாங்கிக்கொள்ள மட்டும் அவரைப் பழக்கியிருந்தால், அந்தப் பண்டிகையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் ஆகியிருப்போம்.

"நீங்கள் பேசுவது நன்றாகத்தான் இருக்கிறது, அப்போ பட்டினி கிடக்கிறவனுக்கு ஒன்றும் செய்ய வேண்டாமா?" என்று கேட்பீர்கள். செய்ய வேண்டும். கோரெம் முகாமில் கோதுமை உடனே வேண்டியிருந்தது, போய்ச் சேர்ந்தது, நல்லது. பசித்தவனுக்குத் தானியம் கொடுப்பது கடமை. அதைக் கடமை என்றே சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் என்று பெயர் வைத்து, பண்டிகையை நாம் கொடுத்தது போலவும் அவன் வாங்கியது போலவும் ஆக்காதீர்கள்.

"அவர்களே வரிசையில் வந்து நின்று வாங்குகிறார்களே" என்பது இன்னொரு பதில். வரிசையில் நிற்பவர் மனசு என்ன என்று எனக்குத் தெரியும். நானும் நின்றிருக்கிறேன்.

எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரத்துப் பனங்காட்டுக் கிராமம். அப்பா பனையேறி. டிசம்பரில் பதநீர் கிடையாது, கையில் காசும் இருக்காது. ஆனால் பண்டிகை இருந்தது. மூங்கில் சிம்பு கட்டிக் காற்றாடித் தாள் ஒட்டிய நட்சத்திரம், அதற்குள் ஒரு சின்ன விளக்கு. கருப்பட்டி போட்ட அதிரசம். அவித்த பனங்கிழங்கு. அம்மா எப்படியோ ஒரு சட்டைத் துணி எடுத்து முன்கூட்டியே தைக்கக் கொடுத்துவிடுவாள். எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது, பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய துணி மூட்டையைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது கம்பளிக் கோட்டு. தேரிக்காட்டு வெயிலில் கம்பளிக் கோட்டு! அன்றைக்கு ஆசையில் அம்மா தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். படம் எடுக்க வந்தவர், அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டைப் போடச் சொன்னார். புதுச் சட்டை தெரிந்தால் படம் சரியாக வராதாம். கழற்றினேன். அம்மா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லை, சட்டையை மடித்து வைத்தாள். அந்தப் படம் எந்தத் தேசத்தில் எந்த ஆல்பத்தில் இருக்கிறதோ, 'கிறிஸ்துமஸ் இல்லாத பையன்' என்று.

இன்று நாம் பேனருக்கு முன்னால் நிறுத்துகிற பிள்ளைகள் வீட்டிலும் ஒரு புதுச் சட்டை இருக்கலாம். நாம் கேட்பதில்லை.

இத்தனைக்கும் இதற்கு மாற்று வழி தேடி எத்தியோப்பியாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் சபைகளிலேயே இருக்கிறது. கைப்பிடி அரிசி ஞாபகம் இருக்கிறதா, அக்காமாரே? ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து அதற்கென்று இருக்கிற கலயத்தில் போட்டு, கோயிலுக்குக் கொண்டுபோவோம். கஞ்சி காய்ச்சுகிற வீட்டிலும் ஒரு பிடி உண்டு. அசனத்தன்று அண்டாவில் வெந்த சோற்றில் எந்தப் பருக்கை யாருடையது என்று ஐயராலும் சொல்ல முடியாது. பண்ணையாரும் பனையேறியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். எங்கள் அப்பா எந்த வரிசையிலும் தலை நிமிர்ந்து நிற்க மாட்டார், அசனப் பந்தியில் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். அந்தச் சோற்றில் அவர் அரிசியும் இருந்தது. எமாமாவின் கூறு கறிக்கும் எங்கள் கைப்பிடி அரிசிக்கும் ஒரே அர்த்தம்தான்.

ஆகவே குழு நடத்துகிற தம்பிமாருக்கு நான் சொல்வது இது. கொடுக்க வேண்டியதை ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது கொடுங்கள், மழையில் கூரை ஒழுகும்போது கொடுங்கள். அப்போது பேனர் கட்டத் தோன்றாது, அதுவே அது உண்மையான உதவி என்பதற்கு அடையாளம். படம் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் உங்கள் பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொல்லி எடுத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவை வீட்டில் விட்டுவிடுங்கள், அவர் நமக்கே விருந்தாளி. பண்டிகை வேண்டுமானால் சேர்ந்து வையுங்கள். அந்தக் குடியிருப்பு ஜனங்களும் ஆளுக்கொரு பிடி அரிசி போடட்டும், அவர்கள் பெண்கள் குழம்பு வைக்கட்டும், அவர்கள் பெரியவர் ஜெபம் பண்ணட்டும். எந்த நாள் வசதி என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் பாட்டை அவர்கள் பாடட்டும், நாம் கூடப் பாடுவோம்.

நமக்குக் கொடுக்கத் தெரியும், நன்றாகத் தெரியும். அவர்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர்கள் கையால் வாங்கிச் சாப்பிடத்தான் தெரியவில்லை. இந்த வருஷம் போகிறவர்கள் வேனில் சாமான் கொஞ்சம் குறைவாக ஏற்றுங்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், பசியோடு போங்கள்.